பாலும் ஆப்பிளும்

கேள்வி: நல்லவங்களா ஆட்சிக்கு வர்றவங்க எந்த எடத்துல கெட்டுப்போறாங்கன்னு சரியா காட்டின நாவல் ஏதாவது இருக்கா சார்?

பதில்: ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல கொண்டுவந்த 'விலங்குப் பண்ணை' இருக்கே. பண்ணை மிருகங்க புரட்சி பண்ணி மொதலாளிய துரத்திட்டு, பன்னிங்க தலைமையில தாங்களே ஆள்ற கதை. எல்லாரும் நெப்போலியன்ங்கிற பன்னி நாய்ங்கள ஏவி போட்டித் தலைவரான ஸ்னோபால்ங்கிற பன்னிய துரத்துற காட்சியத்தான் சொல்வாங்க, எனக்கென்னவோ அதுக்கு ரொம்ப முன்னாடி, புரட்சிக்கு மறுநாளே கறந்து வச்ச பால் காணாமப் போகுது பாருங்க, அங்கயே எல்லாம் போச்சு. எடுத்துக்கிட்டது பன்னிங்கதான். அடுத்து ஆப்பிள். மூளை வேலை பாக்குற பன்னிங்களுக்கு அது தேவை, இல்லன்னா பழைய மொதலாளி ஜோன்ஸ் திரும்பி வந்துடுவான்னு அவங்களுக்காகப் பேசுற ஸ்குவீலர் பன்னி சொன்னதும் மத்ததெல்லாம் கப்சிப். அப்புறம் கட்டில்ல படுக்கக் கூடாதுங்கிற சட்டத்துல நைசா 'விரிப்போட'ன்னு சேத்துடுறாங்க, க்ளோவர் குதிரைக்கு சந்தேகம்தான், ஆனா படிக்கத் தெரியாதே! பாக்ஸர் குதிரைதான் பாவம், உழைச்சு விழுந்தவன கசாப்பு வண்டில ஏத்திட்டு அந்தக் காசுல விஸ்கி வாங்குறானுங்க.