பேரனுக்கு எந்த அறிவியல் தளம்?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அறிவியல் பாடத்துக்குப் போனில் ஏதேதோ தளம் பார்க்கிறான். ஒன்று தேர் மாதிரி ஜோடித்திருக்கிறது, இன்னொன்று வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது. அவனுக்கு ஜோடித்ததுதான் பிடிக்கிறது. எது நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும், சார்?
- ஓர் ஆச்சி, புதுவயல்

பதில்: அறிவியல் படிக்காவிட்டாலும் இதை நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம், ஆச்சி. எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பேரனிடம் காட்டுங்கள். 'இதிலேருந்து என்னடா தெரியுது?' என்று கேளுங்கள். ஏதாவது ஒரு விஷயம் சொன்னான் என்றால் படம் வேலை செய்கிறது. 'அழகா இருக்கு ஆயா' என்று நிறுத்திக்கொண்டால் அது ஜோடனை மட்டும்தான். காரைக்குடியில் 31 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். தப்பான படம் பிள்ளை மனதில் பதிந்துவிட்டால் அதைக் கழற்றி எடுப்பது பெரும்பாடு.

நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல தளங்களில் அது பூமிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு வளவில் உரித்த தேங்காய் ஒன்றை வையுங்கள், அது பூமி. நிலா ஒரு சின்ன எலுமிச்சம்பழம். அதை எங்கே வைப்பது? 12 அடி தள்ளி! பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர், நிலாவின் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். நடுவில் முப்பது பூமியை வரிசையாக அடுக்கலாம். போன் திரைக்குள் இதை அடக்குவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அளவுப்படி வரையப்படவில்லை' என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போட இடமிருக்கிறதே. அந்த வரியைப் போடும் தளத்தை நான் நம்புவேன்.

அப்புறம் நிறம். ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர் அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய நிறத்தைத்தான் ஊற்றுவார். மூலக்கூறுப் படங்களிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு: ஆக்சிஜன் சிவப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, கார்பன் கறுப்பு. ஒரு தளத்தில் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் சிவப்பு, அடுத்த பக்கம் கார்பன் டை ஆக்சைடில் அதே ஆக்சிஜன் நீலம். 'ரெண்டு வகை ஆக்சிஜனா சார்?' என்று என்னிடம் படித்த பிள்ளை கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

எழுத்துக்கு ஒரு சோதனை. மத்தியான வெயிலில் முற்றத்துக்குப் போனை எடுத்துப் போய்ப் படியுங்கள். வெள்ளை மேல் வெளிர்சாம்பல் எழுத்து அங்கே காணாமல் போய்விடும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. தமிழ் என்றால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடமும் வேண்டும். மேல் வரி 'ழு'வின் சுழியும் கீழ் வரி 'கி'யின் கொக்கியும் மோதினால் சின்னக் கண்ணும் களைத்துப்போகும்.

நல்ல தளம் ஒன்றைப் பெயர் சொல்லியே காட்டுகிறேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' (PhET), அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்துடையது. தமிழிலும் பாடங்கள் உண்டு. மின்சுற்றுப் பாடத்தைத் திறந்தால் பேட்டரி, கம்பி, பல்பு, அவ்வளவுதான். சுற்று சேர்ந்ததும் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகரும், பல்பு எரியும். கம்பியைக் கழற்றினால் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து நிற்கும். அங்கே அசைவது அத்தனையும் பாடம்.

அதைப் பேரனிடம் திறந்து கொடுங்கள். வரிசையில் இன்னொரு பேட்டரி சேர்த்தால் புள்ளிகள் என்ன செய்யும் என்று முதலில் அவன் வாயால் சொல்லட்டும், பிறகு சேர்க்கட்டும். என்ன சொன்னான் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள், ஆச்சி.