வைரஸ் கார்டா, இன்னொரு டிஸ்க்கா?

கேள்வி: காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிறோம். பில் போடுவது, கடன் கணக்கு எல்லாம் ஒரே கொம்பியூட்டரில். விண்டோஸ் 10தான் ஓடுகிறது. நல்ல வைரஸ் கார்ட் (அன்டிவைரஸ் புரோகிராம்) ஒன்று போட்டால் பயமில்லை என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் 1 டெராபைட் எக்ஸ்டேர்னல் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். வைரஸ் கார்ட் பிறகு. டிஸ்க் பழுதாவது, மின்னல், வெள்ளம், களவு, வேலைக்கு நிற்கும் பையன் தெரியாமல் அழித்துவிடுவது, இவற்றில் ஒன்றுக்கும் வைரஸ் கார்டிடம் மருந்து இல்லை. பெருநாள் வியாபாரம் முடிந்த கையோடு கடன் கணக்கு காணாமல் போனால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்த விசயமாகிவிடும்.

ஏன் இரண்டு? ஒன்று மட்டும் இருந்தால் அது எப்போதும் கொம்பியூட்டரிலேயே குத்தியபடி இருக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், குத்தியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். ஒவ்வொரு இரவும் கடைசி பில் போட்ட பின் டிஸ்க்கைக் குத்தி, பிரதி எடுத்து, முறைப்படி ‘இஜெக்ட்’ செய்து கழற்றுங்கள். வியாழன் இரவு அந்த டிஸ்க் வீட்டுக்குப் போகட்டும். சனிக்கிழமை மற்றது கடைக்கு வரட்டும். வீட்டில் உள்ளதை அலுமாரியின் மேல்தட்டில், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். பிரதியை இன்னொரு இடத்தில் வைக்கச் சொல்வது ஏன் என்று 2004 சுனாமியைக் கண்ட கரையோரத்தில் விளக்கத் தேவையில்லை.

பிரதி எடுப்பதில் அதிகம் நடக்கும் பிழை ஒன்று உண்டு. பில் புரோகிராம் திறந்திருக்கும்போதே அதன் ஃபோல்டரை இழுத்து டிஸ்க்கில் போடுவார்கள். புரோகிராம் அந்தத் தரவுக் கோப்பில் பாதி எழுதிக்கொண்டிருக்கும். கொப்பி ஆனது போலத் தெரியும், ஆனால் தேவைப்படும் நாளில் திறக்காது. புரோகிராமுக்குள்ளேயே ‘பக்கப்’ என்று ஒரு மெனு இருந்தால் அதையே பாவியுங்கள். இல்லையென்றால் புரோகிராமை மூடிவிட்டுக் கொப்பி செய்யுங்கள். தரவுக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்ட் என்ன என்பதை, புரோகிராம் செய்து தந்தவரிடம் இன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள். அவர் வெளிநாடு போன பிறகு கேட்க முடியாது.

மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு லெப்டொப்பில் திறந்து, கடைசி பில் இலக்கம் சரிதானா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, பிரதி என்ற கணக்கில் வராது.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். பில் தரவுக்குத் தாராளமாகக் காணும். ஆனால் கொம்பியூட்டரில் கோப்பு கெட்டால் டிரைவில் உள்ளதும் தானாகவே அதேபோல் மாறும். பழைய பதிப்பை 30 நாள் வரை மீட்கலாம் என்பது ஓரளவு ஆறுதல். மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மைக்ரோசொஃப்டின் இலவச ‘பிசி ஹெல்த் செக்’ புரோகிராமை ஓட்டினால் உங்கள் கொம்பியூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று சொல்லிவிடும். இன்டெல் புரோசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். ஏற்காவிட்டால் அடுத்த பணத்தை அங்கே போடுங்கள்.

வைரஸ் கார்ட்? விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் உங்கள் அளவு கடைக்குப் போதும். பணம் கொடுத்துத்தான் வாங்குவதென்றால் பெட்டியில் உள்ள இலக்கத்தை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கண்முன்னே பதிய வையுங்கள். விற்பவர் தன் மின்னஞ்சலில் பதிந்தால், மூன்று கொம்பியூட்டருக்கான பெட்டியில் மற்ற இரண்டு இடமும் வேறு யாருக்கோ போகலாம். ஒரே கொம்பியூட்டரில் இரண்டு வைரஸ் கார்ட் போடவே வேண்டாம். ஒன்றையொன்று மறித்து, கொம்பியூட்டர் நகராது.

கேள்வி: மட்டக்களப்பில் பாவித்த லெப்டொப் வாங்கினேன். விண்டோஸ் 11 புரோ, ஒபீஸ், போட்டோஷொப் எல்லாம் ‘லைஃப்டைம்’ என்று போட்டுத் தந்தார்கள். இதில் பிழை உண்டா?

பதில்: உண்டு. அந்த ‘லைஃப்டைம்’ பெரும்பாலும் உரிமத்தை ஏமாற்றும் ஒரு சிறு புரோகிராம். அதை ஓட்டுவதற்கு வைரஸ் கார்டை நிறுத்தவேண்டும். நிறுத்தியதைத் திரும்ப முழுதாக இயக்காமலே தந்துவிடுவார்கள். நீங்களே பார்க்கலாம். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’, அதற்குள் ‘மனேஜ் செட்டிங்ஸ்’, கீழே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’. அங்கே நீங்கள் போடாத ஃபோல்டர் எதுவும் இருந்தால், அதிலும் சி டிரைவ் முழுவதுமே இருந்தால், வாசலுக்குக் காவல் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். வீட்டுப் பாவனையாளர்களை அதிகம் தாக்கிய ரான்சம்வேர்களில் ஒன்றான ‘ஸ்டொப்’ வகை பரவியது இப்படியான கிராக் புரோகிராம்களுக்குள் ஒளிந்துதான்.

தீர்வு பெரிய செலவில்லை. குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், மைக்ரோசொஃப்ட் தளத்திலுள்ள ‘மீடியா கிரியேஷன் டூல்’ மூலம் விண்டோஸை இறக்கி, டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால் வெறுமையானதை எடுங்கள். கொம்பனியிலிருந்து வரும்போதே விண்டோஸ் 10 அல்லது 11 இருந்த லெப்டொப் என்றால், உரிம இலக்கம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இன்டர்நெட் கிடைத்ததும் தானாகவே உரிமம் பெற்றுவிடும். அது ‘ஹோம்’ பதிப்புக்கானது என்றால், ‘புரோ’வைத் திணித்தால் உரிமம் வராது. ஒபீஸுக்குப் பதில் லிப்ரே ஒபீஸ் இலவசம். பாமினி எழுத்தில் அடித்த பழைய கடிதங்களும் அதில் திறக்கும். பாமினி எழுத்துருவை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

இதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று: லெப்டொப்பில் எந்த மைக்ரோசொஃப்ட் கணக்கு இருக்கிறது? பல விண்டோஸ் 11 லெப்டொப்களில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டப்படும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். நாளைக்கு போர்டைப் பழுதுபார்த்தால் திரை நீலமாகி அந்தச் சாவியைக் கேட்கும். கணக்கு விற்றவருடையது என்றால், உங்கள் படமும் ஆவணமும் உங்கள் கையிலேயே இருந்தும் உங்களுடையதல்ல. புதிதாகப் போடும்போது உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுங்கள். சாவியை ஒரு தாளில் எழுதி லெப்டொப் பையில் அல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.

கேள்வி: அக்கரைப்பற்றில் தட்டச்சு, பிரிண்ட் வேலை செய்கிறேன். 650 விஏ யூபிஎஸ் வாங்கி ஆறு மாதம். கரண்ட் போன உடனேயே கொம்பியூட்டரும் நிற்கிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: லேசர் பிரிண்டரையும் அதில்தான் குத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெட்டியில் உள்ள 650 என்பது விஏ. உண்மையில் அது தாங்குவது சுமார் 360 வாட். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும் அந்தச் சில செக்கன்களில் மட்டும் அதைவிட எத்தனையோ அதிகம் இழுக்கும். யூபிஎஸ் தாங்காமல் அணையும், பட்டரியும் கெடும். பிரிண்டரை நேரே சுவர் பிளக்கில் குத்துங்கள்.

பிரிண்டர் இல்லையென்றால் பட்டரிதான். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட் அசிட் பட்டரி ஒன்று. விற்காமல் கடையில் ஒரு வருடம் கிடந்ததென்றால் பாதி செத்தே உங்களிடம் வந்திருக்கும். நம் ஊர் வெக்கையில் நல்லதே இரண்டு, மூன்று வருடந்தான் ஓடும். அலுமாரிக்குள் அடைத்து வைத்தால் அதுவும் இல்லை. புதுப் பட்டரி போட்டதும் 8 மணித்தியாலம் சார்ஜ் ஏற்றி, கொம்பியூட்டர் ஓடும்போது யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். சாதாரண கொம்பியூட்டருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். வேலை செய்வதற்கல்ல, சேமித்து அணைப்பதற்குத்தான் அந்த நேரம். அடுத்த யூபிஎஸ் வாங்கும்போது இந்தப் பரிசோதனையைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

மின்னலுக்கு யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள். எர்த் இழுக்காத பழைய வயரிங்கில் ‘சேர்ஜ் புரொடெக்டர்’ பலகையும் வெறும் நீட்டுப் பலகைதான், மேலதிக மின்னழுத்தத்தை அது இறக்குவதற்கு இடமில்லை. சித்திரையிலும் மாரி தொடங்கும்போதும் பின்னேர இடி கேட்டால் சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். செப்புத் தொலைபேசி வயரில் வரும் ரவுட்டர் என்றால் அந்த வயரையும் சேர்த்து.

கேள்வி: இணையத்தில் 2 டெராபைட் பென் டிரைவ் அடிமாட்டு விலைக்கு வருகிறது. கடைப் பிரதிக்கு வாங்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: வேண்டாம். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப் ஒன்றை வைத்து, 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். முதலில் போடும் கோப்புகள் நன்றாகத் திறக்கும். கொள்ளளவு நிறைந்த பிறகு போடுவது பழையதன்மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. பெயர்களெல்லாம் பட்டியலில் இருக்கும், ஒன்றும் திறக்காது.

ஏற்கனவே வாங்கிவிட்டால் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவசப் புரோகிராம் முழு இடத்தையும் நிரப்பி, திரும்ப வாசித்துப் பார்த்து உண்மையைச் சொல்லும். செக்கனுக்கு 10 எம்பி வேகத்தில் 64 ஜிபியை நிரப்பவே ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம் எடுக்கும். பொறுமையாக ஓடவிடுங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்கும் தவணைக்குள் செய்யுங்கள்.

கேள்வி: களுவாஞ்சிகுடியில் கொமியூனிகேஷன் கடை. பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகளின் பென் டிரைவில் எல்லா ஃபோல்டரும் ‘ஷோர்ட்கட்’ ஆகிவிடுகிறது. எங்கள் கடையால்தான் என்று திட்டுகிறார்கள்.

பதில்: திட்டுவதில் நியாயம் இருக்கலாம். அந்த வைரஸ் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும். அதை இரண்டு தரம் அழுத்தியதும் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு பென் டிரைவிலிருந்து உங்கள் கொம்பியூட்டருக்கும், அங்கிருந்து அன்று வரும் அத்தனை பேருக்கும். கோப்புகள் அழியவில்லை, மறைந்துதான் இருக்கின்றன. ஆகவே ‘ஃபோர்மட்’ செய்யச் சொல்லாதீர்கள். டிஃபெண்டரால் முழு ஸ்கான் ஓட்டி, ஷோர்ட்கட்களை நீக்கி, மறைந்தவற்றைக் காட்டச் செய்து எடுத்துக் கொடுக்கலாம்.

பிரிண்ட் எடுக்கும் கொம்பியூட்டரை கணக்குப் பார்க்கும் கொம்பியூட்டரிலிருந்து பிரியுங்கள். ஒன்றுதான் உண்டென்றால் பிரிண்டுக்கு ‘அட்மின்’ அதிகாரமில்லாத தனிக் கணக்கு ஒன்று, பென் டிரைவ் குத்தியதும் தானாக இயங்கும் ‘ஓட்டோபிளே’ நிறுத்தம். இரவு பூட்டுமுன் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். ஊராரின் அடையாள அட்டைப் பிரதிகள் அதற்குள் குவிந்து கிடக்கும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு சொல்: கடைக் கொம்பியூட்டரில் வட்ஸ்அப் வெப் திறந்தால், வெளியேறும்போது போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பார்த்து அதை நீக்கிவிட்டு வாருங்கள். வட்ஸ்அப் ‘செட்டிங்ஸ்’, அதற்குள் ‘அக்கவுண்ட்’ என்பதில் ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ ஆறு இலக்க இரகசிய எண்ணையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கோப்புகளின் பெயர்களுக்கெல்லாம் கடைசியில் புது வால் முளைத்து, அவை திறக்காமல் போய்விட்டன. மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். (கல்முனை)

பதில்: இது ரான்சம்வேர் வேலை போலிருக்கிறது. இன்டர்நெட்டைக் கழற்றுங்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள். பூட்டிய கோப்புகளை அப்படியே வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், பிறகு சாவி கிடைக்கலாம். ஐரோப்பியப் பொலிஸ் முகவரகமான யூரோபோலும் பங்காளியாக 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பூட்டிய கோப்பொன்றைக் காட்டினால், அந்த வகைக்கு இலவசச் சாவி உண்டா என்று சொல்லும். சாவி இல்லாத வகை என்றால் முன்பணம் கேட்கும் அந்த ஆளிடமும் இருக்காது. இலங்கையின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டிடம் 101க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: வாரண்டி உள்ள டிஸ்க் பழுது. பில் இல்லாமல் மாற்ற முடியாதாம். (திருக்கோவில்)

பதில்: பில்லைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அதில் டிஸ்க்கின் தொடர் இலக்கமும் வாரண்டிக் காலமும் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் மாற்றுவது எதை என்றே வாதம் வரும். பில் தொலைந்தாலும் வங்கி அட்டையின் பதிவு, வட்ஸ்அப் செய்தி எதுவும் கொள்வனவுக்குச் சாட்சி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். டிஸ்க்கைக் கடையில் ஒப்படைக்குமுன் உள்ளே வாடிக்கையாளர் விபரம் இருந்தால் துடைத்துவிடுங்கள். துடைக்க முடியாதபடி பழுதென்றால், உள்ளே இருப்பது புது டிஸ்க்கின் விலையைவிடப் பெறுமதியானதா என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள். மாற்றித் தரும் கடை பழையதைத் திருப்பித் தருவதில்லை.