அறங்காவலர் வாரியம் என்னதான் செய்கிறது? சில கேள்விகள், என் பதில்கள்

சிங்கப்பூரில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தில், நிர்வாக வாரியக் கூட்டங்களுக்கு ஆவணம் தயாரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவள் நான். தமிழ்ப் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகள் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அதிபர் தர்மன்தான் வேந்தர் என்கிறார்கள். அப்படியென்றால் அவர்தான் நடத்துகிறாரா, அக்கா? (உட்லண்ட்ஸ், ஒரு தாய்)

இல்லைம்மா. வேந்தர் பதவி மரியாதைக்குரிய பதவி. பட்டமளிப்பில் அவரைப் பார்க்கலாம், அன்றாட முடிவுகளில் பார்க்க முடியாது. அன்றாட நிர்வாகம் பல்கலைக்கழகத் தலைவர் கையில் இருக்கிறது. அவருக்கு மேலே அறங்காவலர் வாரியம். அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் கல்வி அமைச்சர்.

2006 ஏப்ரலில் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தன்னாட்சி பெற்றன. அதற்கு முன் அவை அரசின் ஆணைபெற்ற கழகங்கள், அதாவது தனிச் சட்டத்தால் அமைந்த அரசு அமைப்புகள். இப்போது சட்டப்படி அவை நிறுவனங்கள், ஆனால் பங்கும் கிடையாது, லாபப் பிரிப்பும் கிடையாது. 2000இல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்தான் இந்த வடிவத்தில் முதலில் வந்தது. பங்குதாரர் இல்லாத நிறுவனத்தில் "இந்தப் பணம் சரியாகப் போகிறதா, இந்தத் தலைவர் சரியானவரா" என்று கேட்க யாராவது வேண்டுமே? அந்த வேலைக்குத்தான் வாரியம். அது கேட்காமல் போனால் உள்ளே இருந்து கேட்க வேறு ஆள் இல்லை.

நான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அங்கே செனட், சிண்டிகேட் என்பார்கள். இங்கே அதெல்லாம் உண்டா? (ஈசூன்)

செனட் இங்கேயும் உண்டு. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் பேராசிரியர்கள் அடங்கிய அந்த அவைக்குரியவை. சிண்டிகேட் செய்யும் நிர்வாக வேலைக்கு இங்கே ஓரளவு நிகரானது அறங்காவலர் வாரியம். ஆனால் அதில் பெரும்பாலானோர் வெளியாட்கள்.

பெரிய வேறுபாடு தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே இழுபறியாகித் துணைவேந்தர் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். இங்கே வாரியம் ஒரு தேடல் குழு அமைத்து உலகம் முழுக்க ஆள் தேடுகிறது. ஐஐடி மெட்ராஸில் படித்த சுப்ரா சுரேஷ் 2018இல் நன்யாங் தலைவராக வந்ததும் அப்படித்தான். ஒரு வாரியம் எடுக்கும் முடிவுகளில் ஆகப் பெரியது இதுவே. தலைவர் சரியாக அமைந்தால் மற்ற முடிவுகளில் பாதி தானாகச் சரியாகும்.

வாரியப் பட்டியலைப் பார்த்தால் வங்கிக்காரர், வழக்கறிஞர், கம்பெனி முதலாளி என்று இருக்கிறது. கல்வியைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்? (செங்காங், ஆசிரியர்)

உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பாருங்கள்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே தடித்த ஆவணக் கட்டு உறுப்பினர் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு அறிக்கையின் முகப்பிலும் "ஒப்புதலுக்கு" அல்லது "தகவலுக்கு" என்று ஒரு வரி இருக்கும். கெட்டிக்கார உறுப்பினர் முதலில் "தகவலுக்கு" வந்ததைத்தான் படிப்பார். விவாதம் வேண்டாம் என்று நிர்வாகம் நினைப்பது பெரும்பாலும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்டு வந்த அறிக்கை ஒன்றில், வங்கித்துறையில் இருந்த ஓர் உறுப்பினர் கேட்டார்: "மாணவர் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு கூடாவிட்டால் பராமரிப்புச் செலவை யார் தலையில் கட்டுவீர்கள்?" கேட்டவர் பாடம் நடத்தத் தெரியாதவர். ஆனால் அறையிலிருந்த எந்தப் பேராசிரியரும் அதைக் கேட்கவில்லை.

அதே சமயம், வகுப்பறையில் நின்றவர் ஒருவர்கூட இல்லாத வாரியம் மாணவரை வெறும் எண்ணாகப் பார்க்கத் தொடங்கிவிடும். இரண்டு தரப்பும் வேண்டும். பட்டியலில் ஒரே வகை ஆட்களாக இருந்தால் நான் கவலைப்படுவேன்.

சம்பளம் உண்டா? (தேக்கா)

பல்கலைக்கழகங்கள் அறநிறுவனங்களும்கூட. அறநிறுவன வாரியத்தில் பொதுவாகச் சம்பளமின்றித்தான் பணியாற்றுவார்கள்.

சிலர் வருடக்கணக்கில் நகர்வதே இல்லையே? (பாசிர் ரிஸ்)

உண்மை. கோ பூன் வீ நன்யாங்கின் வாரியத்துக்கு 1993 முதல் 2021 வரை தலைமை வகித்தார். ஹோ குவோன் பிங் நிர்வாகப் பல்கலைக்கழக வாரியத்தின் தலைவராகத் தொடக்கம் முதல் 20 ஆண்டுக்கும் மேல் இருந்தார். ஒரு நிறுவனத்தைப் பூஜ்யத்திலிருந்து கட்டும்போது அந்தத் தொடர்ச்சி பலம்தான். வளர்ந்த பிறகு அப்படி இல்லை. அறநிறுவனங்களுக்கான நல்லாட்சி நெறிமுறை, தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் ஒருவரை வைத்திருந்தால் காரணத்தை ஆண்டறிக்கையில் சொல்லச் சொல்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். காரணம் ஒரே வரியில் சடங்குக்கு எழுதப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

யேல்-என்யுஎஸ் கல்லூரியை மூடினார்களே, அதை யார் முடிவு செய்தது? செய்தது சரியா? (கிளமெண்டி, முன்னாள் மாணவர்)

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் நம் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யுஎஸ்) சேர்ந்து 2011இல் அறிவித்து, 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த கல்லூரி அது. 2021 ஆகஸ்ட் 27 அன்று, அதைத் தன்னுடைய பல்கலைக்கழக அறிஞர் திட்டம் என்ற படிப்புத் திட்டத்துடன் இணைத்துப் புதிய கல்லூரி அமைக்கப்போவதாகத் தேசியப் பல்கலைக்கழகம் அறிவித்தது. தொடரவே விரும்பியிருப்போம் என்று யேல் தரப்பு வெளிப்படையாகச் சொன்னது. கடைசி வகுப்பு 2025இல் பட்டம் பெற்றது. கல்லூரிக்குத் தனி நிர்வாக வாரியம் இருந்தது, ஆனால் கல்லூரி பல்கலைக்கழகத்துக்குள் அடங்கியது. ஆகவே இறுதி அதிகாரம் மேலே இருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி வந்து அமைச்சர் சான் சுன் சிங் பதில் சொல்லும் அளவுக்கு அது போயிற்று.

இணைக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. செலவு, எல்லா மாணவருக்கும் திறந்துவிடுவது போன்ற காரணங்களும் அற்பமானவை அல்ல. ஆனால் அங்கே படித்தவர்களும் கற்பித்தவர்களும் முடிவான பிறகுதான் கேள்விப்பட்டார்கள். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ரகசியம் காக்க வேண்டிய கட்டம் எல்லா முடிவிலும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் "பாதிக்கப்படுபவர்களிடம் எப்போது பேசப்போகிறீர்கள்?" என்று நிர்வாகத்தைக் கேட்பது வாரியத்தின் கடமை. இந்த ஒரு கேள்விக்காகவே வாரியத்தில் மாணவர் குரல் வேண்டும் என்பேன். ஸ்காட்லாந்தில் 2016இல் வந்த சட்டம் மாணவ உறுப்பினர்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

அப்பா நினைவாக ஒரு கல்வி உதவிநிதி வைக்க நினைக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள் சொல்லலாமா, மேடம்? (பிடோக்)

நல்ல காரியம். வசதி குறைந்த மாணவர், குறிப்பிட்ட துறை என்று நிபந்தனை வைக்கலாம். இன்னாருக்குத்தான் என்று பெயர் சொல்ல முடியாது, தேர்வு பல்கலைக்கழகத்துடையது. நிலைநிதியாகக் கொடுத்தால் முதலைத் தொடாமல் வருமானத்தில்தான் உதவி போகும். அந்த முதலீட்டைக் கண்காணிப்பதும் வாரியத்தின் பொறுப்பு. 2026 இறுதிவரை தகுதியான நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவும் உண்டு. ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்: அந்தத் துறையே பின்னாளில் மூடப்பட்டால் பணம் எங்கே போகும்?

திருச்சியிலிருந்து தங்கை மகன் இங்கே ஒரு தனியார் கல்லூரிக்கு வர நினைக்கிறான். அங்கேயும் வாரியம் உண்டா? எப்படிச் சோதிப்பது? (ஜூரோங்)

இது அவசரமான கேள்வி, கவனமாகப் படியுங்கள். அவை முதலாளி உள்ள வணிக நிறுவனங்களாக இருக்கலாம், அமைச்சர் நியமிக்கும் அறங்காவலர்கள் அங்கே கிடையாது. ஆனால் 2009ஆம் ஆண்டுத் தனியார் கல்விச் சட்டத்தின் விதிகள்படி கல்விக் குழு ஒன்றும் தேர்வுக் குழு ஒன்றும் இருக்க வேண்டும். மாணவர் அனுமதி அட்டையில் வருபவரைச் சேர்க்க எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் கட்டாயம். அது நான்காண்டுச் சான்றிதழா, ஓராண்டுத் தற்காலிகச் சான்றிதழா என்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் பட்டியலில் பாருங்கள்.

அப்புறம் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள்: கல்விக் குழுவில் யார் யார்? அவர்களில் எத்தனை பேர் முதலாளியின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்? நேரான பதில் வரவில்லையென்றால் தங்கையிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். முகவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, கல்லூரி மூடப்பட்டாலும் கட்டணத்தைக் காக்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில் பணம் சேரும் வழி எழுத்தில் வரும்வரை ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம்.