அயோமியின் விரல் உறைகள்

கேள்வி: பதினேழு வயதில் விரல் நுனிகளை இழந்தும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிதார் வாசித்த ‘பிளாக் சப்பாத்’ என்ற ராக் இசைக்குழுவின் டோனி அயோமியைவிடத் தன்னம்பிக்கைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா? அந்த விபத்தால்தானே கனத்த கிதார் ஒலியுள்ள ‘ஹெவி மெட்டல்’ என்ற ராக் இசையே பிறந்தது? (வாசகர், கோவை)

பதில்: தன்னம்பிக்கை இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று மேடைதோறும் முழங்குகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் நெடுநாளாக மல்லுக்கு நிற்கிறேன். அவர்கள் கையில் சிக்கிய எந்த மனிதரின் வாழ்க்கையிலும் உழைப்பும் உதவியும் உதிர்ந்துபோய் உபதேசம் மட்டுமே எஞ்சுகிறது. அயோமிக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது.

1965இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தாம் வேலைபார்த்த தகட்டுத் தொழிற்சாலையில் அவருக்கு அன்று கடைசி நாள். மதியத்துக்குமேல் போக மனமில்லாதவரை, ஏற்ற வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பியவர் அவருடைய தாயார். பிரஸ் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் வராததால், அதில் பழக்கமே இல்லாத இந்த இளைஞரை அங்கே நிறுத்தினார்கள்; வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர் என்பதால், கம்பிகளை அழுத்த வேண்டிய கையே அதுதான். பழகாத ஒருவரை அப்படியோர் இயந்திரத்தின் முன் நிறுத்தியது பெரும் தவறு. அதை இசைக்குக் கிடைத்த வரமாகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் நொறுங்கித்தான் போனார். அவரைப் பார்க்க வந்த ஃபோர்மேன், ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்கச் செய்தார். 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஜாஸ் கிதாரில் கொடிகட்டிப் பறந்தவர் ரெயின்ஹார்ட். அதன்பின் அயோமி செய்ததெல்லாம் பட்டறை வேலை: பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டினார், விரல் நுழையுமளவு சூடான சால்டரிங் கருவியால் துளையிட்டார், உப்புத்தாளால் தேய்த்து வடிவுக்குக் கொண்டுவந்தார், கம்பியில் வழுக்காமலிருக்கப் பழைய தோல் மேலங்கியிலிருந்து ஒரு துண்டை வெட்டி நுனியில் ஒட்டினார். அந்த உறைக்கடியில் கம்பியின் தொடுவுணர்வு தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். தடித்த கம்பிகள் வலித்ததால் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளைப் பூட்டிப் பார்த்தார். தன்னம்பிக்கை இதற்குப் பின்னால் வந்திருக்கலாம். முன்னால் வந்தவை ஓர் இசைத்தட்டும் கைவேலையும்தான்.

விபத்தால்தான் ஹெவி மெட்டல் பிறந்தது என்பதும் பாதி உண்மையே. கம்பிகள் தளர்ந்து விரலுக்கு இதமாக இருக்கும்படி மூன்று அரைச்சுரங்கள் சுருதியை இறக்கியது 1971இல், மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில். 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த ‘பிளாக் சப்பாத்’ என்ற முதல் ஆல்பமோ வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது. அதன் தலைப்புப் பாடலில் நெஞ்சை அடைக்கும் அந்தக் கனம், மிகச் சில சுரங்களை இழுத்து நிறுத்தி, அவற்றுள் ஒன்றை ஒவ்வாத இடைவெளியில் வைத்த கற்பனையால் வந்தது. அதற்குரிய பெருமையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுவது அநியாயம்.

ஐம்பது ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1979இல் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் நீக்கப்பட்டார். அவரிடத்துக்கு ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். மற்றவர்களும் போவதும் வருவதுமாக இருந்தபோது, எல்லா ஆல்பங்களிலும் இருந்தவர் அயோமி ஒருவரே. 2012இல் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சிகிச்சைக்கிடையே வாசித்த ‘13’ என்ற ஆல்பம், 2013இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. 2025 ஜூலை 5 அன்று, அவர்கள் வளர்ந்த பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியிலுள்ள வில்லா பார்க் கால்பந்து அரங்கில் தொடக்கக்கால நால்வரும் கடைசியாக ஒன்றுசேர்ந்து வாசித்தார்கள். அந்த மாதம் 22ஆம் தேதி ஓசி காலமானார்.

அந்த முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாடலையும், 1971இன் ‘இன்டு த வாய்ட்’ பாடலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுருதியை இறக்குவதற்கு முன்பே அந்த இசை பிறந்துவிட்டது என்பது உங்கள் காதுக்கே தெரியும்.