மீன் பேனுக்குப் பேர் வைக்கப் போறேன்னு பொண்ணு சொல்றா, பயமா இருக்குன்னு கேட்ட அப்பாவுக்கு

அண்ணே வணக்கம். மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு எம்எஸ்சி கடைசி வருஷம், பரங்கிப்பேட்டை பக்கம் வாங்கின பாறை மீனோட செவுள்ல ஏதோ ஒண்ணு கிடைச்சிருக்கு, கைடு அது புது இனமா இருக்கலாம்னு ஒரு வார்த்தை விட்டுட்டாங்க, அதுல இருந்து பிஎச்டி பிஎச்டின்னு நிக்கிறா, பிஎட் சேருன்னா மூஞ்சத் திருப்பிக்கிறா, இத வச்சு என்ன சோறு கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான். ஒடச்சே சொல்லிடுறேன், புது இனத்துக்குப் பேர் வைக்கிறதுன்னு தனியா ஒரு உத்தியோகம் கிடையாது. ஆனா அத ஒழுங்கா செஞ்சு முடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருக்கு. இது ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டதுலதான் உங்க வீட்ல பாதி சண்டை.

அவ பிடிச்சிருக்கிறது ஒட்டுண்ணி கோபிபாட், மீன் பேன்னு சொல்றது இதத்தான். இறால் நண்டு வகையறாதான், ஆனா சில மில்லிமீட்டர்தான் இருக்கும், செவுளையோ தோலையோ கவ்விக்கிட்டு மீன வச்சே வாழும், பொட்டையா இருந்தா வால் பக்கம் ரெண்டு நூல் மாதிரி முட்டை தொங்கும். சில மீன் வாயத் தொறந்தா நாக்கு மேல வெள்ளையா தடியா ஒண்ணு உக்காந்திருக்குமே, அது ஐசோபாட், வேற குரூப். இது எதுவும் மனுஷனுக்கு ஒட்டாது, வீட்ல மீன் வாங்குறத நிறுத்திட்டோம்னு எழுதியிருக்கீங்க, அது தேவையே இல்லண்ணே.

லேப்ல அவ என்ன பண்றான்னு தெரிஞ்சா நீங்க இவ்ளோ கோவப்பட மாட்டீங்க. அந்தப் பூச்சிய ஸ்பிரிட்ல இருந்து எடுத்து லாக்டிக் ஆசிட்ல ஊறப் போட்டா உள்ள சதையெல்லாம் கரைஞ்ச மாதிரி கண்ணாடி கணக்கா தெளிஞ்சிடும், அப்புறம் ரொம்ப மெல்லிசான ஊசிய வச்சு காலு, வாய் உறுப்பு, கொம்பு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பிரிச்சு ஸ்லைடுல வச்சு, மைக்ராஸ்கோப்ல கேமரா லூசிடான்னு, பாக்கிறத தாள்ல விழவச்சு வரைய உதவுற கருவிய மாட்டி பேனாவுல வரையணும், ஒவ்வொரு கால் கணுவுலயும் எத்தனை முள், எத்தனை முடின்னு எண்ணணும், முள்ளுக்கு ரோமன் எண், முடிக்கு சாதா எண்ணுன்னு ஒரு டேபிளே போடணும். ஒரு முடி விட்டுப்போச்சுன்னா வேற இனமா ஆயிடும். அந்தப் பொறுமை இருக்கிற பிள்ளைங்க கம்மிண்ணே, நான் நிறைய பேர பாத்துட்டுதான் சொல்றேன்.

எண்ணி முடிச்சாலும் முடிஞ்சிடாது. அதே ஜீனஸ்ல, அதாவது நெருங்கின இனங்கள சேர்த்த குழுவுல, இதுவரைக்கும் எழுதுன எல்லா இனத்தோடயும் ஒப்பிடணும், கேலிகஸ்னு ஒரு கோபிபாட் ஜீனஸ்ல மட்டுமே இருநூத்தம்பதுக்கு மேல இனம் இருக்கு. நம்ம நாட்டுக்கு என். கிருஷ்ண பிள்ளை 1985-ல இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் மூலமா போட்ட தடி புத்தகம் இருக்கு, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும், அதுக்கப்புறம் வந்த பேப்பரையும் விடக்கூடாது. பாதி நேரம் என்ன ஆகும்னா, யாரோ வேற கடல்ல வேற மீன்ல எப்பவோ எழுதின இனமாவே இருக்கும். அப்படி ஆனா அழக்கூடாது, இந்த மீன்ல முதல் தடவை, இந்தக் கரையில முதல் தடவைன்னு அதையும் பேப்பரா போடலாம். இத இப்பவே அவகிட்ட சொல்லி வைங்க, புது இனம் இல்லன்னா என் வாழ்க்கையே போச்சுன்னு உக்காந்துடப் போறா.

நிஜமாவே புதுசுன்னு வந்தா அந்தப் பேருக்கு ஆதாரமா நிக்கிற ஒரு ஸ்பெசிமன, ஹோலோடைப்னு சொல்லுவாங்க, மியூசியத்துல கொடுக்கணும். நம்ம நாட்ல 2002 பல்லுயிர் சட்டம் 39-வது பிரிவே சொல்லுது, புது இனம்னா அரசு குறிச்ச காப்பகத்துக்கு அறிவிச்சு மாதிரியும் ஒப்படைக்கணும்னு. ஆன்லைன் ஜர்னல்ல மட்டும் வந்தா விலங்குப் பேர்கள பதிவு பண்ற சூபேங்க்ங்கிற ஆன்லைன் பதிவேட்ல பதிவு பண்ணாம அந்தப் பேர் செல்லாது. டேபிள் டிராயர்ல ஒரு பாட்டில்ல வச்சிருக்கோம்னு சொல்ற லேப்னா கொஞ்சம் யோசிங்க.

இதனால யாருக்கு என்ன லாபம்னு கேட்டீங்கல்ல. சிலில சால்மன் வளக்குறாங்க, அங்க கூண்டுல இருக்கிற மீனுக்கு ஒரு கடல் பேன் தொல்லை, ரொம்ப நாளா அத ஏற்கனவே தெரிஞ்ச வேற ஒரு கேலிகஸ்னே நினைச்சிட்டு இருந்தாங்க. 2000-லதான் பாக்ஸ்ஷால், பிராவோன்னு ரெண்டு பேர் அது தனி இனம்னு காட்டி கேலிகஸ் ரோஜர்கிரெஸ்ஸேயின்னு பேர் வச்சாங்க. அந்தக் கரையில சாதாரணமா இருக்கிற மீன்கள்ல இருந்து கூண்டுக்குள்ள வந்த பேன் அது. எது எந்த இனம்னு தெரிஞ்சாதான் எந்த மீன்ல இருந்து வருது, எப்போ குஞ்சு பொரிக்குது, எந்த மருந்து கேக்கும்னு பாக்க முடியும். நார்வேல ஒரு மீனுக்கு சராசரியா அரை பொட்டைப் பேனுக்கு மேல போகக் கூடாதுன்னே ரூல், அதை எண்ணுறதுக்கே ஆள் போட்டிருக்கான். நம்ம பக்கமும் மண்டபத்துல 2010-ல கடல் விரால் குஞ்சு உற்பத்தி பண்ணாங்க, கூண்டுல கொடுவா வளக்கிறாங்க, மீன நெருக்கி வச்சு வளக்கிற இடத்துல பேன் வராம இருக்காது.

அதனால நான் சொல்றது, பிஎச்டி பண்ணட்டும், ஆனா தலைப்பு "புது இனம்"னு மட்டும் இருக்கக்கூடாது. ஒட்டுண்ணி வகைப்பாடு பாதி, மீன் நலம் பாதி. டிஎன்ஏ பார்கோடிங், அதாவது ஒரு சின்ன டிஎன்ஏ துண்ட வச்சு இனத்த கண்டுபிடிக்கிறது, அதையும் கத்துக்கட்டும், அதுக்கு மாதிரிய சுத்தமான எத்தனால்ல வைக்கணும், ஃபார்மலின்ல போட்டா போச்சு. அப்படி வந்தா மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், சென்னைல சிபாங்கிற உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், மயிலாடுதுறைல ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், இந்த மாதிரி இடத்துல புராஜெக்ட் வேலைக்கு கைல காட்ட ஒரு திறமை இருக்கும். வேளாண் ஆராய்ச்சி விஞ்ஞானி வேலைக்கு நடக்கிற ஏஆர்எஸ் பரீட்சைல மீன் நலம்னே ஒரு பாடம் உண்டு, எந்த டிகிரிக்கு எதுன்னு நோட்டிஃபிகேஷன நிதானமா படிங்க, சிலதுக்கு பிஎஃப்எஸ்சி, அதாவது மீன்வள டிகிரி, அடிப்படைதான் கேப்பாங்க. புராஜெக்ட் வேலைங்கிறது காண்ட்ராக்ட்தான், அத மறைக்க மாட்டேன், நிரந்தர போஸ்ட் ரொம்பக் கம்மி, வயசு முப்பது தாண்டும்.

பணம்தான் முக்கியம். சிஎஸ்ஐஆர் நெட்ங்கிற தேசிய தகுதித் தேர்வுல லைஃப் சயின்ஸ் எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000, மூணாவது வருஷத்துல இருந்து 42,000, உங்க கைல இருந்து ஒரு பைசா போகாது. பொதுவா 30 வயசு வரம்பு, பொண்ணுங்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு, கடைசி வருஷம் படிக்கிறப்பவே அப்ளை பண்ணலாம். ஆனா அந்தப் பரீட்சைல கோபிபாட் கால் முடியெல்லாம் வராது, மாலிக்குலர், செல் பயாலஜி, ஜெனிடிக்ஸ்தான் ஜாஸ்தி, நெகட்டிவ் மார்க் வேற. காலைல மூணு மணி நேரம் நெட், மிச்ச நேரம் மைக்ராஸ்கோப்புன்னு அவகிட்ட பேசி முடிவு பண்ணுங்க. ஃபெல்லோஷிப் எதுவும் இல்லாம சொந்தக் காசுல அஞ்சு வருஷம்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன்.

கைடப் பத்தி அவ கேட்டு வர வேண்டியது: இதுக்கு முன்னாடி பிஎச்டி முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க, புது இனம் பேப்பர்ல யார் பேர் முதல்ல வரும், மாதிரி எந்த மியூசியத்துக்குப் போகும். பேப்பர் போட காசு கேக்கிற ஜர்னல்னா உஷார், ஒரே வாரத்துல அக்செப்ட்னு மெயில் வந்தா கண்டிப்பா தொடவே கூடாது. வகைப்பாட்டுக்கு ஆசிரியர்கிட்ட காசு வாங்காம போடுற நல்ல ஜர்னல் இருக்கு, சூடாக்ஸா மாதிரி.

கடைசியா கேட்டிருந்தீங்க, பேர் வச்சா எங்க அம்மா பேர் வைக்கலாமான்னு. வைக்கலாம், பொம்பளை பேர்னா கடைசில லத்தீன் முறைப்படி ஒரு விகுதி சேரும். ஆனா ஒட்டுண்ணிக்கு ஆத்தா பேரான்னு வீட்ல ஒரு தடவை கேட்டுக்கங்க, பின்னாடி சண்டை வந்தா மாத்த முடியாது.

பிஎட்ட இப்ப விட்டுடுங்க, அது ஓடிடாது. அவளோட மார்க் ஷீட், கைடு பேர், போன நெட் எழுதியிருந்தா ஸ்கோர், மூணையும் அனுப்புங்க, அடுத்த தடவை அவளையும் லைன்ல வச்சுக்கிட்டே பேசுவோம்.