மெஷின் வந்தது, ஓட்ட ஆள் எங்கே?

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கான ஒரு பல்கலைக்கழகத்தில் 19 ஆண்டுகள் உயிரணு ஆய்வுக்கூடம் நடத்தினேன். அப்படிப்பட்ட சிறுபான்மையினர் பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆராய்ச்சியை எப்படி வளர்க்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

சிறுபான்மையினர் பல்கலைக்கழகம் என்றால் நம் லயோலா, ஜமால் முகமது மாதிரியா சார்? (சிவகங்கை விரிவுரையாளர்)

இல்லைங்க. நம் ஊரில் யார் நடத்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு அப்படி. அங்கே யார் படிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கறுப்பின மாணவர்களுக்கென்று 1964-க்கு முன்பே தொடங்கிய ஹோவர்ட், மெஹாரி, டஸ்கீகி போன்றவை ஒரு வகை. இளநிலை மாணவர்களில் நாலில் ஒருவராவது ஹிஸ்பானியராக, அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவராக, இருந்தால் அது இன்னொரு வகை. பழங்குடிக் கல்லூரிகள் தனி.

ஆய்வுக்கூடம் கட்ட யார் பணம் தருகிறார்கள்?

முக்கியமாக ஆர்சிஎம்ஐ என்ற, சிறுபான்மையினர் கல்வி நிலையங்களில் ஆய்வு மையங்களை வளர்க்கும் திட்டம். அமெரிக்க நாடாளுமன்றம் சொல்லி 1985-இல் தொடங்கியது, என்ஐஎச் என்ற அந்நாட்டு அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடத்துகிறது. பொதுக் கருவிக்கூடம், இளம் ஆசிரியர்களுக்குத் தொடக்க நிதி, ஊர்மக்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வு எல்லாம் அதில் அடங்கும்.

பணம் வருகிறது, அப்புறம் என்ன தடை அண்ணா? (மதுரை, முனைவர் பட்ட மாணவர்)

தம்பி, எங்கள் கூடத்துக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் வந்த கதையைக் கேளுங்கள். லேசர் ஒளியில் உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி வகை பார்க்கும் கருவி. வந்த அன்று ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, கேக்கும் சாப்பிட்டோம். வாரண்டி முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் காசில்லை. மானியத்தில் கருவிக்கு இடம் இருந்தது, அதை ஓட்டுபவருக்குச் சம்பளம் இல்லை. ஓட்டத் தெரிந்த ஒரே ஆளுக்கும் வேறு ஊரில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் அது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதன் மேல் தேர்வுத்தாள் கட்டுகளை அடுக்கியவர்களில் நானும் ஒருவன்.

கடைசியில் பல்கலைக்கழகமே ஒரு டெக்னீஷியனை நிரந்தரமாக எடுத்தது. மணிக்கு இவ்வளவு என்று எங்களிடம் கட்டணமும் வசூலித்தது. ஆறே மாதத்தில் மெஷினுக்கு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று! யார் கேட்டாலும் முதலில் ஆளை எடுங்கள், பிறகு மெஷினை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது நேரம். பருவத்துக்கு நாலு பாடம் எடுப்பவர் மானிய விண்ணப்பத்தை இரவில்தான் எழுதுவார். மூன்றாவது, கொள்முதல் அலுவலகம். ஒரு வேதிப்பொருளுக்கு ஆறு வாரம் கையெழுத்து சுற்றினால், வளர்த்த உயிரணுக்கள் அதுவரை காத்திருக்குமா?

நிறவேற்றுமையும் உண்டா?

2011-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், என்ஐஎச் மானியம் கிடைக்கும் வாய்ப்பு கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு வெள்ளையர்களைவிடச் சுமார் 10 சதவீதப் புள்ளி குறைவு என்றது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இந்த இடங்களில் பெரிய அறிவியல் ஏதாவது நடந்திருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு எப்போதுமே டஸ்கீகியைத்தான் சொல்வேன். போலியோ தடுப்பூசிச் சோதனைகளுக்கு நாடு முழுக்க ஹீலா உயிரணுக்கள் தேவைப்பட்டன. 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்தவை. அவற்றைப் பெருமளவில் வளர்க்கும் கூடம் அலபாமாவில், டஸ்கீகியில்தான் அமைந்தது. ரஸ்ஸல் பிரவுனும் ஜேம்ஸ் ஹெண்டர்சனும் நடத்தினார்கள். வாரத்துக்கு 20,000 உயிரணுக் குழாய்கள் வரை அனுப்பினார்கள். 1955-க்குள் மொத்தம் சுமார் 6 லட்சம்.

அதே ஊரில், அதே ஆண்டுகளில், அரசின் பொதுச் சுகாதாரத் துறை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயைக் குணப்படுத்தாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. 1932 முதல் 1972 வரை. இன்றும் அந்தப் பக்கத்தில் ரத்த மாதிரி கேட்டுப் போனால் முதலில் வருவது அந்தப் பேச்சுதான். அதனால்தான் ஊர்மக்களோடு பழகச் செலவாகும் பணத்தை வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அப்படி ஓர் இடத்தில் உதவிப் பேராசிரியர் வேலை வந்திருக்கிறது. போகலாமா அண்ணா? (கோவை)

போங்கம்மா. கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் மூன்று வருடம் எத்தனை பாடம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவிக்கூடத்துக்குப் போய் உறையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே இருக்கும் டெக்னீஷியனிடம், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.