ஷால்கே 04 கால்பந்து அணியைச் 'சுரங்கக்காரர்கள்' என்று ஏன் அழைக்கிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இதைக் கேட்டான்.

ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் ஷால்கே ஒரு நிலக்கரிப் பகுதி. 1904-ல் அங்குள்ள பையன்கள் தொடங்கிய கிளப் இது. பெயரிலுள்ள 04 அந்த ஆண்டுதான். ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பெரிய நட்சத்திரமான எர்ன்ஸ்ட் குசோராவே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

1930-ல் பெரிய அடி விழுந்தது. ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்ததாக முதல் அணிக்கே தடை. அடுத்த ஆண்டு தடை நீங்கி ஆடியபோது சுமார் 70,000 பேர் திரண்டார்கள். அப்புறம் 1934 முதல் 1942 வரை ஆறு முறை தேசிய சாம்பியன். ஏழாவது 1958-ல். அதற்குப் பிறகு அந்தத் தேசியப் பட்டம் இல்லை, பாவம்.

ஜெர்மனியில் சுரங்கக் குழிக்குள் இறங்குபவரிடம் 'க்ளுக் ஆஃப்' என்பார்கள். நல்லபடியாக மேலே வா என்ற மாதிரி. ஷால்கேக்காக 1928-ல் திறந்த மைதானத்துக்கும் அதே பெயர். நம் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டறிந்த ஷோம்பெர்க்கும் ஜெர்மன்காரர்தான். ஆனால் நம் ஊரில் அந்த வாழ்த்து, மணல் அள்ளுபவரைவிடக் கடலுக்குப் போகிறவருக்குத்தான் பொருந்தும்.

கெல்சன்கிர்ஷன் இருக்கும் ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018-ல் மூடப்பட்டது. ஷால்கேயின் இப்போதைய மைதானத்தில் வீரர்கள் வெளியே வரும் வழி மட்டும் இன்னும் சுரங்கம் மாதிரியே இருக்கிறது.